பழைய கடவுச்சொல்லோடு கதவைத் தட்டியவர்

1

இதைக் குயென் எனக்குக் கதையாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொன்னாள். ஹாம் லுவாங் பாலத்துக்கு அடியில், வலைத்தொட்டில்கள் கட்டிய காப்பிக்கடையில் ஆளுக்கொரு தொட்டிலில் சாய்ந்திருந்தோம். "ஒரு பாஸ்வேர்டை மாத்தப் போயி ஒரு மனுஷனையே தொலைக்கப் பார்த்தேங்க" என்று ஆரம்பித்தாள். தென்னை நார் பிரிக்கும் இயந்திரம் விற்பதற்காகப் பொள்ளாச்சியிலிருந்து கடல் கடந்து இந்தப் பென்சே ஊருக்கு வந்தவன் நான். இயந்திரங்கள் விற்றுப்போன பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டேன். தமிழில் ஏதோ எழுதுகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முடிக்கும்போது, "இதெல்லாம் கதையாகாது, எழுதிடாதீங்க" என்றாள்.

அவள் சொன்ன தோரணையில் எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று பட்டது. அன்றே உட்கார்ந்தேன்.

"கடவுச்சொல் என்பது நம்பிக்கையின்

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் எனக்கே கொட்டாவி வரும்.)

"சாங் வேலையை விட்டுப் போன அன்றுதான் ஆற்றில் முதன்முதலாக உப்புக் கரிக்க

(பொய். உப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு மனிதன் கோபித்துக்கொண்டு போனதற்காகக் கடல் நேரம் பார்த்து உள்ளே வராது.)

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். இடையிடையே நான் தடுமாறுவதையும் அழிக்காமல் விடுகிறேன். இந்தக் கதையே ஒன்றை நேரத்துக்கு அழிக்காததால் வந்தது என்பதால், அது பொருந்தும்.

2

புத்தாண்டுக் கொண்டாட்டம் முடிந்து வெயில் ஏறுகிற மாதங்களில் இங்கே ஆறு பின்னோக்கி நடக்கும். மேலேயிருந்து தண்ணீர் வரத்துக் குறைய, கடல் நீர் ஆற்றுக்குள் ஏறிவரும். அது வாய்க்காலில் புகுவதற்குள் மதகை அடைத்துவிட வேண்டும். தவறினால் துரியன் கன்றும் பம்பளிமாஸ் கன்றும் இலை கருகி நிற்கும்.

எப்போது அடைக்க வேண்டும் என்று மதகுக்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் செய்தி அனுப்புகிற சின்ன அலுவலகம் ஒன்று இருந்தது. ஆற்றோரம் ஆங்காங்கே நட்டிருக்கும் கருவிகள் உப்பின் அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அலுவலகத்தின் தரவுத்தளம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். அளவு கூடினால் கைப்பேசிகளுக்குச் செய்தி போகும். அலுவலகம் லியெம் என்பவருடையது. தலை முழுக்க நரைத்தவர், ஆனால் குரலில் நரையே கிடையாது. வேலை பார்த்தவர்கள் குயெனும் சாங்கும்.

(இந்த ஊரில் அலுவலகத்திலும் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். லியெம் குயெனுக்குச் 'சித்தப்பா', சாங் 'அண்ணன்'. இதை எழுதும்போது மட்டும் மொழிபெயர்க்க வேண்டிய வேலையே எனக்கு இருக்கவில்லை.)

சாங்குக்கும் லியெமுக்கும் சண்டை வந்தது செய்தியைப் பற்றித்தான். உப்பு லேசாகக் கூடும்போதே எச்சரித்துவிட வேண்டும் என்பது சாங்கின் கட்சி. சும்மா சும்மா எச்சரித்தால் நிஜமாக வரும்போது ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பது லியெமின் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் முன்னால் சாங், "சித்தப்பா, உங்களுக்குத் தோட்டம் இல்ல, அதான் பேசுறீங்க" என்று சொல்லிவிட்டான். லியெம், "தோட்டம் இல்லாதவன்கிட்ட உனக்கென்ன வேலை, போ" என்றார். சாங் போய்விட்டான்.

3

மாலையில் லியெம் குயெனைக் கூப்பிட்டார்.

"அவன்கிட்ட இருந்த சாவியெல்லாம் மாத்திடும்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒருவர் வேலையை விட்டுப் போனால் எந்த அலுவலகத்திலும் செய்வதுதான். கதவுச் சாவியைச் சாங் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். மீதி இருந்தது தரவுத்தளத்தின் நிர்வாகிக் கடவுச்சொல். குயென் அதை மாற்றினாள். "பல் விளக்குற மாதிரி செஞ்சு முடிச்சேன், ஒரு யோசனையும் இல்லாம" என்றாள் என்னிடம்.

தவறான கடவுச்சொல்லோடு யாராவது நிர்வாகி பெயரில் நுழையப் பார்த்தால் கைப்பேசிக்கு ஓர் எச்சரிக்கை வரும். அதுவரை அது சாங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அதையும் தன் எண்ணுக்கு மாற்றச் சொன்னார் லியெம்.

மறுநாள் காலை, அவர் நூடுல்ஸ் கிண்ணத்தில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது.

"நிர்வாகி பெயரில் நுழைய முயற்சி. மறுக்கப்பட்டது."

அலுவலகத்துக்கு வந்ததும் குயெனிடம் காட்டினார். "யாரும்மா இது, விடிஞ்சும் விடியாம?"

"தெரியல சித்தப்பா."

வாய் அப்படிச் சொன்னாலும் மனம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டது. தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து, காப்பி சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் கணினியைத் திறந்து உட்காருகிறவன் சாங். எச்சரிக்கை வந்ததும் சரியாக அந்த நேரத்தில்தான்.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. கோயில் மணி மாதிரி நேரம் தவறாமல் வந்தது.

இந்த இடத்தில் நான் தொட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "எங்கிருந்து தட்டுறாங்கன்னு பார்க்க முடியாதா உங்களால?"

"முடியுமே. காப்பியில சர்க்கரை கலக்குற நேரம் போதும்."

"அப்புறம் ஏன் பார்க்கல?"

குயென் ஐஸ் கட்டியை ஸ்பூனால் குத்திக்கொண்டே இருந்தாள். "பார்த்து, அது அவரா இருந்துட்டா?"

(நான் எழுத வந்த கதை இந்த ஒரு வரிதான் என்று அப்போது தோன்றியது. இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல சிறுகதை என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். ஆனால் குயெனின் வாழ்க்கை அங்கே நிற்கவில்லை.)

4

சாங்கை என்ன செய்வது?

முதல் பிரதியில் அவனைத் தங்கமாக எழுதியிருந்தேன். அமைதியானவன், அடுத்தவருக்காக உருகுகிறவன், அநியாயமாகச் சந்தேகிக்கப்பட்டவன். அந்தப் பக்கத்தைக் குயெனுக்கு அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"யாரு இது? எனக்கு இப்படி ஒருத்தரைத் தெரியாது. என் டிராயர்ல இருந்த தேங்காய் மிட்டாயை எல்லாம் தின்னுட்டு வெறும் காகிதத்தை மறுபடி சுத்தி வச்சிருப்பாரு அவரு. மீட்டிங்ல எல்லாருக்கும் முன்னாடி என் தப்பைச் சொல்லுவாரு. அவரு ஒண்ணும் தங்கம் இல்ல."

"பின்னே ஏன் அவருக்காக இவ்வளவு வருத்தம்?"

"தங்கமா இருந்தாத்தான் வருத்தப்படணுமா?"

இரண்டாவது பிரதியில் கொஞ்சம் காதல் கலந்து பார்த்தேன். (குயெனுக்குக் கல்யாணமாகிவிட்டது, கணவர் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவர், கை நிறைய கிரீஸும் முகம் நிறைய சிரிப்புமாக இருப்பார். சாங்குக்கும் மனைவி உண்டு. அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டேன். கிழிக்காமல் விட்டிருந்தால் கிரீஸ் கை என் சட்டையைப் பிடித்திருக்கும்.)

ஆக, சாங் சாதாரணமானவன். திறமைசாலி, வாய்த்துடுக்கு, மிட்டாய்த் திருடன். பிங் தாய் பக்கம் ஓர் இறால் தீவனக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பழைய அலுவலகத்தின் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையப் பார்த்தான் என்று ஒரு புகார் போனால் அந்த வேலை அன்றே போய்விடும். அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் யாரும் அவனைச் சேர்க்க மாட்டார்கள்.

லியெம் புகார் எழுதி வைத்துவிட்டார்.

"நீயும் ஒரு கையெழுத்துப் போடணும்மா. கம்ப்யூட்டர் விஷயம் தெரிஞ்சவ நீதானே."

"கொஞ்சம் பொறுக்கலாமே சித்தப்பா."

"எதுக்குப் பொறுக்கணும்? உள்ள வந்து எல்லாத்தையும் கவுத்துட்டுப் போகட்டும்னா?"

குயென் முடியாது என்று சொல்லவும் இல்லை. கையெழுத்தும் போடவில்லை. தினம் ஒரு சாக்குச் சொன்னாள்.

5

பிறகு ஒரு நாள் காலை செய்தியே போகவில்லை.

முதலில் கூப்பிட்டது ஊட் சித்தி. தெற்கு வாய்க்கால் மதகு அவள் பொறுப்பு.

"குயென், உங்க மெசேஜ் வரலியே. மூடவா, திறந்து வைக்கவா? தோட்டக்காரங்கல்லாம் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க."

"மூடிடுங்க சித்தி. அளவு கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

"மூடினா வாத்துக்குத் தண்ணி வரலன்னு வாத்துக்காரன் திட்டுவான்."

"என் பேரைச் சொல்லுங்க."

"உன் பேரைச் சொன்னா இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துத் திட்டுவான். சரி, மூடறேன்."

குயென் அலுவலகத்துக்கு ஓடினாள். தரவுத்தளம் நின்றிருந்தது. திரையில் ஒரே ஒரு குறைதான்: இடம் இல்லை. கணினியின் சேமிப்பு வட்டு முழுக்க நிரம்பி, ஓர் எழுத்தைக்கூட எழுத இடமில்லாமல் மூச்சு முட்டி நின்றிருந்தது.

முதலில் மனிதர்கள். ஆற்றோரக் கருவிகளுக்குப் பக்கத்தில் இருக்கிற காவல்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அளவு கேட்டாள். தன் கைப்பேசியிலிருந்தே மதகுக்காரர்களுக்குச் சொன்னாள். உப்பு ஏறித்தான் இருந்தது. ஊட் சித்தி மூடியது நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் வட்டு. எது இப்படி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடினாள். ஒரு பதிவுக்கோப்பு. தரவுத்தளம் தான் செய்கிற ஒவ்வொரு வேலையையும் எழுதி வைக்கிற கோப்பு அது. உப்புக் காலத்தில் வேலை அதிகம், எழுத்தும் அதிகம். அது ஊதிப்போய், மற்ற எல்லாவற்றையும் சுவரோடு சேர்த்து நசுக்கியிருந்தது. அதை வெளி வட்டு ஒன்றுக்கு நகர்த்திவிட்டுத் தரவுத்தளத்தை எழுப்பினாள். செய்திகள் மறுபடி போகத் தொடங்கின.

(வாசகரே, இங்கே ஒரு விளக்கம் வரப்போகிறது. நகர்ந்துவிடாதீர்கள், சின்னதுதான். இப்படிக் கோப்பு ஊதாமல் இருக்கத் தினமும் காலையில் ஒரு வேலை தானாக ஓடும். நேற்றைய கோப்பை மூடி, சுருக்கி, ஓரமாக வைக்கும். ரொம்பப் பழையதைத் தூக்கிப் போடும். புதிய கோப்பில் எழுதச் சொல்லும். லாக் ரொட்டேஷன் என்பார்கள். வீட்டில் தினமும் குப்பைக் கூடையைக் காலி செய்வதுபோல. செய்கிறவரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.)

குப்பைக் கூடையை ஏன் யாரும் காலி செய்யவில்லை என்று குயென் யோசித்துக்கொண்டிருந்தபோது லியெம் உள்ளே வந்தார். தலையில் ஹெல்மெட், கையில் புகார்க் கடிதம்.

"கவுத்துட்டான் பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன். போலீஸுக்குப் போறேன். கையெழுத்துப் போடறியா இல்லியா?"

"சித்தப்பா, வட்டு நிரம்பிடுச்சு. அவ்வளவுதான். யாரும் கவுக்கல."

"நீ அவனை மூடி மறைக்கிற."

அது சுட்டது. இத்தனை நாளும் அவள் செய்தது அதுதானே, மூடி வைத்துப் பார்க்காமல் இருந்தது. குயென் திரும்பி உட்கார்ந்து, தொட மறுத்த அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தினமும் காலையில் தட்டியது யார், எங்கிருந்து?

இந்தக் கணினியிலிருந்தே என்று இருந்தது. வெளியே எங்கிருந்தும் இல்லை.

"வெளிய இருந்து யாரும் வரல சித்தப்பா. உள்ள இருந்துதான் வந்திருக்கு."

"உள்ள ஏதோ வச்சுட்டுப் போயிருக்கான். இன்னும் மோசம்." ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டார்.

குயெனின் மூளையில் இரண்டு காலைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. எச்சரிக்கை வருகிற காலையும், குப்பை அள்ளுகிற வேலை ஓடுகிற காலையும்.

"உங்க போனைக் கையில வச்சுக்கோங்க சித்தப்பா. ஒரு நிமிஷம் நில்லுங்க."

அந்த வேலையைத் தன் கையாலேயே ஓட்டினாள்.

லியெமின் கைப்பேசி சிணுங்கியது. நிர்வாகி பெயரில் நுழைய முயற்சி. மறுக்கப்பட்டது.

லியெம் கைப்பேசியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், குயெனைப் பார்த்தார். "இப்பவும் தட்டறான்."

"அவரு இல்ல. நான்தான் தட்டினேன். இன்னொரு வாட்டி பாருங்க." மறுபடி ஓட்டினாள். மறுபடி சிணுங்கியது.

பிறகு சொன்னாள். பழைய கோப்பை மூடிப் புதியதைத் திறக்கச் சொல்லி அந்த வேலை தரவுத்தளத்தின் கதவைத் தட்டியாக வேண்டும். அதற்கு நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். அது ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அவள் கதவில் பூட்டை மாற்றினாள். இந்த வேலைக்காரனுக்குப் புதுச் சாவி தரவில்லை. அவன் பாவம், தினமும் வந்து பழைய சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, குப்பையை அள்ளாமலே திரும்பிப் போயிருக்கிறான்.

சின்னக் கோப்பைத் திறந்து புதிய கடவுச்சொல்லை எழுதினாள். அவளையும் அந்த வேலையையும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி அதைப் பூட்டினாள். மூன்றாவது முறையாக ஓட்டினாள்.

லியெம் கைப்பேசியைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே தேங்காய் மட்டை ஏற்றிய படகு ஒன்று படபடத்துக்கொண்டு போயிற்று. கைப்பேசி வாயே திறக்கவில்லை. திரையில் புதிய கோப்பு ஒன்று பிறந்திருந்தது, கைக்குழந்தை மாதிரி அத்தனை சின்னதாக.

"அப்ப அவன்..."

"இல்ல சித்தப்பா. ஒரு நாள்கூட இல்ல."

லியெம் ஹெல்மெட்டைக் கழற்ற முயன்றார். வார் சிக்கிக்கொண்டது. குயென் எழுந்துபோய்க் கழற்றிவிட்டாள்.

"இப்ப நான் யாரைத் திட்டறது?" என்றார்.

"என்னைத்தான். மாத்தினது நான். அந்தப் பாஸ்வேர்டை வேற யாரு பயன்படுத்துறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும்."

"நாளைக்குத் திட்டறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கடிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

6

மறுநாள் காலை எச்சரிக்கை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பழுது சரியாகிவிட்டது. கதை சரியாகவில்லை.

ஏனென்றால் குயென் எனக்கு இன்னொன்றும் சொன்னாள். இந்த அமளிக்கு நடுவே ஒரு நாள் சாங் அவளுக்குச் செய்தி அனுப்பியிருந்தான்: "சாப்பிட்டியா? இந்த வருஷம் உப்பு எப்படி?" அவள் பதில் போடவில்லை. உளவு பார்க்கிறான் என்று நினைத்தாள். அவன் உப்பைப் பற்றித்தான் கேட்டிருந்தான்.

எனவே முடிவு வேண்டும். என்னிடம் சில இருந்தன.

குயென் ஒன்றுமே சொல்லாமல், "சாப்பிட்டேன் அண்ணே" என்று மட்டும் பதில் போடுகிறாள். தெரியாதது யாரையும் சுடாது. (ஆனால் அவளைச் சுட்டுக்கொண்டே இருக்கும். இது என் கையில் இருந்தவற்றில் மிகவும் நாகரிகமான முடிவு. அதனாலேயே பிடிக்கவில்லை.)

லியெம் சாங்கைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுகிறார், மூவரும் ஆற்றங்கரையில் நின்று சூரிய உதயத்தை

(மன்னிக்கவும்.)

சாங்குக்கு வேறு யார் மூலமோ விஷயம் தெரிந்து, அவன் வாசலில் வந்து நின்று கத்துகிறான். (நடந்திருக்கலாம். குயென் பல நாள் இதைத்தான் கனவில் கண்டாளாம்.)

இவை எதுவும் நடக்கவில்லை. நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை காலை லியெம் குயென் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை பம்பளிமாஸ் பழம். உள்ளே வரவில்லை.

"அவன் வீடு பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம். எதுக்கு சித்தப்பா?"

"கேக்கணும்னு தோணிச்சு."

"பழம் யாருக்கு?"

"யாருக்கோ. நீ வர்றியா? எனக்கு வழி தெரியாது. வழி தெரிஞ்சாலும் தனியாப் போகத் தெரியாது."

அவள் வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தார். கிளம்புவதற்கு முன் குயென் சாங்குக்கு ஒரு வரி அனுப்பினாள்: "நானும் சித்தப்பாவும் வர்றோம்." பதில் ஒரே சொல்லாக வந்தது: "வாங்க." அந்தச் சொல்லில் என்ன இருந்தது என்று வழி முழுக்கப் புரட்டிப் பார்த்தாளாம். பாலத்தின் நடுவில் லியெம் பின்னாலிருந்து, "முதல்ல நீ பேசுவியா, நான் பேசவா?" என்று கேட்டார். "நான்தான் மாத்தினேன், நானே பேசறேன்" என்றாள் குயென். "புகார் எழுதினது நான்" என்றார் லியெம். பாலம் இறங்குகிறவரை இருவரும் இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சாங்கின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். அவன் வெளியே வந்தான். கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. லியெமைப் பார்த்தான், பழப்பையைப் பார்த்தான்.

குயென் முழுவதையும் சொன்னாள். வாசலிலேயே நின்று, பூட்டை மாற்றியது முதல், பார்க்க மறுத்தது, கைப்பேசி மூன்றாம் முறை சிணுங்காமல் இருந்தது வரை. லியெம் தன் பங்கைச் சொன்னார், சுருக்கமாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்புறம்? அவரு என்ன சொன்னாரு?" என்றேன் நான். தொட்டில் ஆட்டத்தை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

குயென் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அது உங்க கதைக்கு இல்ல."

கெஞ்சினேன். காப்பிக்குக் காசு நான் தருகிறேன் என்றேன். மசியவில்லை. "ஒரு மனுஷன் தன் வீட்டு வாசல்ல சொன்னது. அதுக்கும் ஒரு பாஸ்வேர்டு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

ஆக என்னிடம் முடிவு இல்லை. சாங் சொன்ன அந்த வரியை நான் பல விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே என் குரலில்தான் வந்தன. அதனால் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்கள் யாரையாவது பார்க்காமலேயே தீர்மானித்திருக்கலாம். அல்லது உங்களைப் பற்றி யாராவது அப்படித் தீர்மானித்திருக்கலாம். இரண்டில் எதுவானாலும் இந்த வரியை என்னைவிட நன்றாக எழுதுவீர்கள்.

சாங் சொன்னது: "

எழுதும்போது உதவியாக இருக்கட்டும் என்று, கிளம்பும்போது குயென் வாய்தவறிச் சொன்ன ஒன்றை மட்டும் தருகிறேன். அவன் பதில் சொல்வதற்கு முன்பே, வீட்டுக்குள்ளே அவன் மனைவி மூன்று கண்ணாடி டம்ளர்களைக் கழுவி, ஐஸ் உடைத்துப் போட ஆரம்பித்திருந்தாள்.